பூவனலிங்கத்தின் தொண்ணூற்றொரு நாள் டெபாசிட்

எட்டயபுரத்துக்குத் தெற்கே ஐந்து ஏக்கர் கரிசல் வைத்திருந்த பூவனலிங்கம் ஒருநாளும் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. அதை அவரே எல்லாரிடமும் சொல்வதால் ஊருக்கே தெரியும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மிளகாய் விற்ற இரண்டாயிரம் ரூபாயை, மைத்துனர்கள் கண்ணில் படுமுன், கோவில்பட்டியில் ஒரு வங்கியில் தொண்ணூற்றொரு நாள் டெபாசிட்டாகப் போட்டார். ஆனி இருபத்திரண்டில் போட்டால் புரட்டாசி பத்தொன்பதில் கைக்கு வரும். பருத்தி விதைக்கச் சரியாக இருக்கும். வட்டி இருபது ரூபாய். மழையிடம் மட்டும் தேதி கேட்கவில்லை.

போட்டபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போவதுபோல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறினார். வெறுங்கையோடு போவது முறையில்லையே. ஒரு படி பாசிப்பயறு, அடுத்த முறை ஒரு பை சீனியவரைக்காய்.

“நம்ம ரூவா நல்லா இருக்கா சார்?”

“நல்லா இருக்கு அண்ணாச்சி. நீங்க வரலன்னாலும் நல்லாத்தான் இருக்கும்” என்பார் காசாளர் மந்திரமூர்த்தி, பையை மேசைக்கடியில் தள்ளிக்கொண்டே.

பஸ்ஸுக்கும் காப்பிக்கும் பயறுக்குமாக அந்த வட்டி ஆவணியிலேயே கரைந்துவிட்டது. பூவனலிங்கம் அதையெல்லாம் செலவில் சேர்க்கவில்லை.

புரட்டாசி ஏழாம் தேதி மழை கொட்டியது. கரிசலில் இரண்டு நாள் கால் வைக்க முடியாது. அதற்குப்பின் நாலைந்து நாளுக்குள் விதைத்துவிட வேண்டும். விட்டால் நிலம் இறுகி, அந்த வருஷ வெள்ளாமையே போயிற்று.

வங்கிக்கு ஓடினார். இப்போதே எடுத்தால் வட்டி கிடையாது என்றார் மேனேஜர். வேண்டுமானால் டெபாசிட்டின் பேரில் பத்து நாளைக்குக் கடன் வாங்கலாம், மூன்று ரூபாய்கூட ஆகாது.

“எம் பணத்த நானே கடன் வாங்கவா? ஊரு சிரிக்கவா?” எழுந்து வந்துவிட்டார்.

“வெதை எங்க?” என்றாள் மனைவி சொர்ணத்தாய்.

“பத்து நாள் பொறுட்டி. வட்டி வருது.”

“நீங்க பொறுப்பீய. காடு பொறுக்குமா?”

பதிலுக்குக் காத்திராமல் தன் மூன்று வெள்ளாடுகளையும் வியாபாரி உச்சிமாகாளியிடம் ஓட்டிப்போனாள். முகத்தில் இருக்கும் அவசரத்தைப் பார்த்தே விலை சொல்லத் தெரிந்தவர் அவர். நூற்றெண்பதுதான் கொடுத்தார். அந்தப் பணத்தில் விதையும் ஏர்க்கூலியுமாக, ஈரம் காயுமுன் ஐந்து ஏக்கரையும் விதைத்து முடித்தாள்.

தவணை முடிந்ததும் பூவனலிங்கம் இரண்டாயிரத்து இருபதோடு வந்தார். பருத்தி முளைவிட்டிருந்தது. “என் ஆடு?” என்றாள் சொர்ணத்தாய். உச்சிமாகாளியிடம் போனார்கள். அதே மூன்று ஆடுகள் இப்போது இருநூற்றுப்பத்து.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது பூவனலிங்கம் சொன்னார்: “பாத்தியாட்டி, முப்பது ரூவா நட்டத்துல இருவது நம்ம வட்டியிலயே கழிஞ்சிட்டு.”

“மிச்சம் பத்து?”

அவர் நின்று, விரல்விட்டு எண்ணினார்.

“மறுபடி பேங்குல நாப்பத்தாறு நாள் போட்டாப் போதும்.”