நைனா ரெசின் வைத்த குமிழ்

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அன்று வீடு தேடி வந்து எங்கள் துக்கத்தில் பங்கு கொண்ட உங்கள் எல்லோருக்கும் அவருடைய மகளாகிய நான் இதை எழுதுகிறேன். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று சித்தப்பா சொன்னார். நைனா அதற்குச் சம்மதிக்க மாட்டார். பழுதை மறைத்து ரேடியோப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காத காரியம்.

முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள எங்கள் குப்பத்தில்தான் நைனா பிறந்தார். குடும்பமே கடல் தொழில். ஆனால் படகு முகத்துவாரத்தைத் தாண்டியதும் அவருக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும். 'தரை மீனு' என்று ஊரே கேலி செய்தது. தாத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பொன்னேரியில் ஒரு ரேடியோ கடையில் கொண்டுபோய் விட்டார். தொழில் கற்றுத் திரும்பிய நைனா, பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்துச் சந்தில் சொந்தமாகக் கடை வைத்தார். அம்மாவை மணந்தார். நானும் தம்பியும் பிறந்தோம்.

உப்புக்காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டு வைப்பதில்லை. ரேடியோவில் பேண்டு மாற்றும் சுவிட்ச் பச்சை பூத்துவிடும், வைத்த ஸ்டேஷன் வைத்த இடத்தில் நிற்காது. ஜனங்கள் பெட்டியின் தலையில் நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் கடைக்கே கொண்டு வருவார்கள். "அத அடிக்காதீங்கய்யா, அதுக்கு இன்னா தெரியும்" என்பார் நைனா. முதலில் ஏரியல் கம்பியைப் பார்ப்பார், பிறகு பேண்டு சுவிட்ச். அதுவும் சரியாக இருந்தால்தான் பெட்டியைத் திறப்பார். வெயில் காலத்தில் டிவியில் நம் நிலையத்தின் மேல் எங்கோ தூரத்து நிலையம் வந்து ஏறிக்கொள்ளும். ஒருமுறை அத்தை ஓடிவந்து, "அண்ணே, எங்கூட்டு டிவி தெலுங்கு பேசுது, கெட்டுப்பூட்ச்சு" என்றார். "கெடலம்மா. காத்து மாறினா தானா போயிடும். அதுவரைக்கும் நீயும் தெலுங்கே பேசு" என்று அனுப்பி வைத்தார்.

பிறகு படகுக்குப் படகு பேசிக்கொள்ள வாக்கிடாக்கி, எங்கள் வாயில் வாக்கி, வந்தது. எங்கள் ஆட்கள் மீன் கூட்டத்தைக் கண்டு ஒருவரையொருவர் அழைத்தால், தெற்குக் குப்பத்தார் அலைவரிசைகளைத் துழாவும் ஸ்கேனரில் அதைக் கேட்டு, நாங்கள் வலை விடுவதற்குள் வந்து நிற்பார்கள். ஊர்க்கூட்டம் போட்டு நைனாவிடம் வந்தார்கள். யாரும் தேடாத ஓர் அலைவரிசையை எங்கள் படகுகளுக்கு மட்டும் வைத்துக் கொடுத்தார். ஆபத்து என்றால் சானல் மாற்றும் குமிழைத் திருப்பி, எல்லா ஊரும் கேட்கும் பொதுச் சானலுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் ஒருநாள் வலை இழுக்கும்போது ஈரக்கை பட்டுக் குமிழ் நகர்ந்து, எங்கள் பேச்சு பொதுச் சானலில் போய்விட்டது. தெற்குக் குப்பம் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனது. மறுபடியும் நைனாவிடம் வந்தார்கள். "குமிழு அசையாம பண்ணிக் குடுண்ணே."

பைபர் படகில் ஓட்டை அடைக்கிற ரெசினைக் குழைத்து, நைனா எல்லா வாக்கிகளின் குமிழையும் எங்கள் அலைவரிசையிலேயே இறுக்கிக் கொடுத்தார். தம்பியுடையதையும் சேர்த்துத்தான். அன்று ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

அந்த ஐப்பசியில் தம்பியும் அவன் கூட்டாளி சேகரும் போன படகில், மழையில் என்ஜின் நின்று தண்ணீர் ஏறத் தொடங்கியது. எங்கள் மற்றப் படகுகள் முன்பே கரை திரும்பி வாக்கிகளை அணைத்துவிட்டிருந்தன. தெற்குக் குப்பத்துப் படகுகள் வாக்கிக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவர்களுக்கு எங்கள் அலைவரிசை கேட்காது.

படகு கவிழ்ந்தபின் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்த சேகரைத் தற்செயலாகக் கண்டு காப்பாற்றியவர்களும் அவர்கள்தான். "கூப்டுக்கினே இருந்தான்கா. யாரும் பேசல. குமிழத் திருப்பப் பாத்தான், வரல. பல்லால கடிச்சிப் பாத்தான்" என்று சேகர் அழுதான். தம்பியின் உடல் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கியது. வாக்கி இடுப்பிலேயே கட்டியிருந்தது. ரெசினில் இருந்த பல் கீறலை நைனா விரலால் தடவிப் பார்த்தார். விதி என்று பெரியவர்கள் தேற்றினார்கள். "விதி இல்லய்யா. நான்தான்" என்றார்.

அதன் பிறகு சால்ட்ரிங் கம்பியையும் சின்ன உளியையும் எடுத்துக்கொண்டு படகு படகாக அலைந்தார். சிலர் வாக்கியைக் கொடுத்தார்கள், ரெசினைக் கொத்தி எடுத்தார். பலர் மறைத்தார்கள். "நீ உன் புள்ளைய நெனச்சிப் பேசற, நாங்க வயித்த நெனச்சிப் பேசறோம்" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். வீட்டிலும் பொதுச் சானலில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, படகுகள் போவதிலிருந்து கடைசிப் படகு திரும்பும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். அம்மா சோற்றைக் கையில் கொடுத்தால்தான் உண்டு.

நெஞ்சு நோயில் படுத்தபிறகும் அதே கவலைதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்து, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்டார். "வந்துட்டாங்க நைனா" என்றேன். எனக்கென்ன தெரியும்? அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பின் பேசவில்லை.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தங்கள் படகிலேயே நைனாவின் உடலைப் பழவேற்காடு ஏரி தாண்டிக் கொண்டுவந்து சேர்த்த தெற்குக் குப்பத்தாருக்கும், அன்று கடலுக்குப் போகாமல் இருந்த இரண்டு ஊருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கருமாதி முடிந்த மறுநாள் சேகர் இப்போது தான் போகும் படகின் வாக்கியோடு வாசலில் வந்து நின்றான். குமிழ்மேல் ரெசின் அப்படியே இருந்தது.

"நீயாடா?" என்று கேட்டுவிட்டேன்.

"மீன் போயிடும்னு பயம்கா. நைனா கேக்கறப்பல்லாம் எடுத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

தம்பி கூப்பிட்டதைப் பக்கத்தில் இருந்து கேட்டவன் அவன் ஒருவன்தான். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. ஆனாலும் அவன் வந்தான், அதற்கு நன்றி. இந்த மலரை வாங்கிக்கொண்டு போகிறவர்களில் இன்னும் எத்தனை பேர் வாக்கி அப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நைனாவின் உளி என்னிடம் இருக்கிறது, கைத்திறன் இல்லை. குமிழ் உடைந்தாலும் உடையும். என்னைத் திட்டிக்கொண்டே போங்கள். ரெசினோடு மட்டும் கடலுக்குப் போகாதீர்கள்.