கோடு வரைக்கும் தண்ணீர்

நான் மணமுடித்து மன்னார்க் கரையில் உள்ள தாழ்வுபாட்டுக்கு வந்த இரண்டாவது வருடம் என் கணவர் முன் ஹோலில் நான்கு அடி நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தார். உள்ளே இருந்தது கடல் தண்ணீர். அதைப் பிளாஸ்டிக் கான்களில் நிரப்பிக் கரையிலிருந்து கொண்டுவந்தார்கள். கடலுக்குள் மூழ்கிச் சுழியோடப் போகிற அவருடைய சிநேகிதர் ஒருவர் பாறைகளுக்குள் இருந்து மீன்களைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் வண்ணாத்தி மீன், கற்களை வாயால் கவ்வித் தூக்கி எறிகிற கிளாத்தி ஒன்று. கிளாத்தி வந்த மறுவாரமே வண்ணாத்தியின் வாலைக் கடித்துத் தின்றது. கதிரையை இழுத்துப் போட்டு அதை முழுவதுமாகப் பார்த்தவர், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்தார். வெளியில் குரலை உயர்த்தாத மனிதர். ஞாயிறு பூசைக்குப் பாட்டுக்குழுவில் நின்று பாடுவார். வீட்டில் அவர் கை வேறு ஒருவருடைய கை மாதிரி இருந்தது. முதல் அறை கலியாணமாகி மூன்றாம் மாதம், சேர்ட்டில் ஒரு பொத்தான் இல்லை என்பதற்காக விழுந்தது. ஆகவே தொட்டிதான் அடியைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். தொட்டி வந்தபின் அடிக்கு ஒரு அளவு வந்தது, அவ்வளவுதான்.

அந்த அளவு கண்ணாடியில் கறுப்பு மார்க்கரால் அவர் இழுத்த ஒரு கோடு. தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஆவியாகிக் குறையும். தண்ணீர்தான் போகும், உப்புப் போகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விடாவிட்டால் உப்புக் கடுமையாகி மீன் சாகும். மன்னாரில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பகலிலேயே ஐந்தாறு லீற்றர் தண்ணீர் காணாமல் போகும். எங்கள் கிணறு உவர். வண்டியில் வருகிற வடித்த குடிதண்ணீரைக் கானில் எடுத்துவைத்து, காலை, மதியம், பின்னேரம் என்று நான்தான் ஊற்றவேண்டும். ஐந்து மணிக்கு அவர் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே குனிந்து கோட்டைப் பார்ப்பார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே அரை விரல் இறங்கியிருந்தால் ஒரு அறை. ஒரு விரல் என்றால் இடுப்புப் பட்டி. கூடிப்போனாலும் அடிதான். ஒருமுறை ஊற்றியது கோட்டுக்கு மேலே போய்விட்டது என்று பயந்து, அவர் வரும் நேரத்துக்குள் தேநீர்க் கோப்பையால் மொண்டு எடுத்தேன். சிந்தி நிலமெல்லாம் ஈரம். அந்த ஈரத்துக்கும் அடி விழுந்தது.

பிறகு ஒரு கிழமை முழுக்க வண்டி வரவில்லை, வடித்த தண்ணீர் கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கிணற்றுத் தண்ணீரை விட்டேன். கோமாளி மீன்களில் ஒன்று மறுநாள் மல்லாந்து மிதந்தது. அவர் அதை ஒரு பீங்கானில் எடுத்துவைத்துவிட்டு என் கொண்டையைப் பிடித்தார். தலையைத் தொட்டிக்குள் அமுக்கினார். கண்ணைத் திறந்தபடிதான் உள்ளே போனேன். கிளாத்தி என் முகத்துக்கு நேரே வந்து, பிறகு கல்லுக்குப் பின்னால் போனதைப் பார்த்தேன். மூக்கிலும் தொண்டையிலும் உப்பு ஏறியது. நெஞ்சு வெடிக்கப்போகிற நேரம் தூக்கினார், ஒரு மூச்சு விட்டதும் மறுபடி அமுக்கினார். மூன்று முறை. நான்காம் முறைக்கு முன்னர் வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அவர் துவாய் ஒன்றை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு கேற்றுக்குப் போனார்.

அந்தக் கிழமைதான், தானாகத் தண்ணீர் விடுகிற கருவி ஒன்று இருப்பதாக போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில், நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று பட்டபோது, அப்படி ஒன்றை வாங்குவோமா என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சம்மதித்தார்.

"தேடி எடு. ஆனா அது பிழைச்சா நான் மிசினைக் கேக்கமாட்டன். உன்னைத்தான் கேப்பன்."

ஆகவே நான் தேடினேன். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரிக் கொப்பி ஒன்று வைத்துக்கொண்டு தேடினேன். சென்னைக்காரர்கள் தமிழில் போட்ட வீடியோக்கள், சிங்களத்தில் போட்டவை, ஆங்கிலத்தில் பாதி விளங்கியவை என்று எல்லாம் பார்த்தேன். எல்லோரும் அது எப்படி வேலை செய்யும் என்றுதான் காட்டினார்கள். எனக்கு வேண்டியது அது எப்படிப் பழுதாகும் என்பது. எந்தப் பழுதுக்கு எத்தனை விரல் தண்ணீர் ஏறும் அல்லது இறங்கும், அதற்கு எனக்கு எங்கே விழும். நான் அப்படித்தான் கணக்குப் பார்த்தேன்.

மூன்று விதம் இருந்தன. முதலாவது, ஒரு போத்தலைக் கவிழ்த்து அதன் வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைப்பது. மட்டம் இறங்கினால் போத்தலுக்குள் காற்றுப் போகும், தண்ணீர் வரும். கரண்ட் தேவையில்லை. ஆனால் எங்கள் ஹோலில் மத்தியான வெக்கைக்குப் போத்தலுக்குள் உள்ள காற்று விரிந்து, கேட்காமலே தண்ணீரைத் தள்ளிவிடும். வீட்டிலிருந்த ஒரு போத்தலை வைத்து நானே செய்துபார்த்தேன். கோட்டுக்கு மேலே ஒரு நூலளவு ஏறியது. கொப்பியில் அதை வெட்டினேன்.

இரண்டாவது மிதவை. மலசலகூடத் தண்ணீர்த் தாங்கிக்குள் இருக்கிற அதே சாமான்தான், சின்னதாக. மூன்றாவது, கரண்டில் ஓடுவது. கண் மாதிரி ஒரு சிறு உணரி மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், இறங்கினால் வாளிக்குள் கிடக்கும் குட்டிப் பம்பை ஓடவிடும்.

இவற்றைப் பற்றிக் கேட்க மன்னார் பட்டினத்தில் வளர்ப்பு மீன்களுக்குச் சாப்பாடும் குருவிக்கூடும் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு முஸ்லிம் மனிதர். நான் அவரை, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவேன். மிதவை நல்லதா என்று கேட்டேன். உப்புப் படிந்து இறுகினால் மூடாது என்றார். ஒரு வீட்டில் நத்தை ஏறி அதன்மேல் குந்தி, மிதவை எழும்ப முடியாமல், மேலே இருந்த தாங்கியின் தண்ணீர் முழுக்க ஹோலுக்குள் வந்ததாம். மின்சாரக் கண் பழுதானால் என்ன நடக்கும் என்று கேட்டேன். கண்ணில் பாசி பிடித்தால்? கரண்ட் போய்த் திரும்பி வந்தால்? பம்ப் நிற்காமல் ஓடினால்? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதை வாங்க வாற ஆக்கள் எல்லாரும் மீனைப் பற்றித்தான் கேப்பினம். நீங்கள் ஒருக்காக்கூட மீன் சாகுமா எண்டு கேக்கேல்லை."

நான் கழுத்தைச் சால்வையால் மூடியிருந்தேன். அது எப்போது விலகியது என்று தெரியவில்லை.

"பிழைச்சா வீட்டில பிரச்சினை வரும், நானா."

நானா என் கழுத்தில் கன்றியிருந்த தடத்தைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு, இரண்டு கண் உள்ளதாக எடுங்கோ என்றார். ஒன்று மட்டத்துக்கு, மற்றது அதற்கு மேலே. கீழ்க் கண் குருடானாலும் மேல் கண் நிறுத்தும். குறிப்பிட்ட நிமிடத்துக்கு மேல் பம்ப் ஓடினால் தானே நின்று சத்தம் போடுகிற விதமும் அதில் இருக்கவேண்டும். தன் கடையில் அது இல்லை, கொழும்பில் சொல்லி எடுப்பித்துத் தருகிறேன் என்றார். நான் வெளியே இறங்கும்போது அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல், ஒரு போத்தல் தண்ணீரை என் கையில் தந்தார். அதை பஸ்ஸில் வைத்தே முழுக்கக் குடித்து முடித்தேன்.

கருவி வரும்வரை நான் ஒரு கணக்குச் செய்தேன். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் கெட்டால்? நிறுத்துகிற கடிகாரமும் கெட்டால்? அப்போது வாளியில் உள்ளதெல்லாம் தொட்டிக்குள் போகும். அதனால் பெரிய வாளி கூடாது. தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கினேன். இருபது லீற்றர் வாளி என்றால், அத்தனையும் போனாலும் இரண்டு விரலுக்குக் கிட்டத்தான் ஏறும், வெளியே வழியாது. வாளியை நிலத்தில் வைக்கவேண்டும், உயரத்தில் வைத்தால் பம்ப் நின்றபின்னும் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருக்கும். குழாயின் நுனி தண்ணீருக்குள் தாழக்கூடாது, தாழ்ந்தால் தொட்டித் தண்ணீர் வாளிக்குத் திரும்பி ஓடும். ஆறு வருடங்களுக்கு முன் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள் நான். அதற்குப் பிறகு மூளையை அவ்வளவு பாவித்தது அந்தப் பத்து நாட்களில்தான். எனக்கு அது சந்தோசமாகக்கூட இருந்தது.

கருவி வந்தது. நானே பூட்டினேன். பின்னேரம் அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்றது. மறுநாளும் நின்றது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, மூன்று கிழமை. ஒரு நாள் கரண்ட் போய் வந்தது, அன்றும் கோட்டில்தான் நின்றது. அவர் ஒவ்வொரு பின்னேரமும் குனிவார், நிமிர்வார், ஹோலுக்குள் இரண்டு தடவை நடப்பார், அலுமாரிக் கதவைத் திறந்து மூடுவார். எதைத் தேடுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இருபத்தொரு நாள் என்மேல் கை படவில்லை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் அவர் வந்தபோது நான் கதிரையில் இருந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பக் கொஞ்சம் பிந்திவிட்டது. அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இப்ப உனக்கு வேலை இல்லை. அதுதான் மகாராணி மாதிரி இருக்கிறாய்."

கதிரையின் காலை உதைத்தார். நான் விழுந்தேன். எழும்பப் போனவளின் வலது கையைப் பிடித்து முறுக்கி, அப்படியே தொட்டி வைத்திருந்த இரும்பு ஸ்ராண்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த தென்னமட்டையை மிதித்த மாதிரி. பிறகு வயிற்றில் உதைத்தார், முதுகில் உதைத்தார். இந்த மிசின் உனக்குச் சோறு போடுமா என்று கேட்டுக் கேட்டு உதைத்தார். தொட்டி ஆடியதில் தண்ணீர் தளும்பி என்மேல் கொட்டியது. களைத்துப்போய் அவர் குளிக்கப் போனார். நான் நிலத்தில் கிடந்தேன். தளும்பியதில் மட்டம் இறங்கியிருந்ததால் பம்ப் ஓடத் தொடங்கியது. வாளிக்குள் இருந்து அந்த மெல்லிய இரைச்சல் வந்தது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, கோட்டைத் தொட்டதும் நின்றது.

பழுதாகக்கூடிய எல்லாவற்றையும் நான் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் பழுதாகாவிட்டால் அவர் என்ன செய்வார் என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை அவர் கந்தோருக்குப் போனபின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, கையைச் சால்வையால் கட்டிக்கொண்டு, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்பெல்லாம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்பேன். இம்முறை டொக்டர் கேட்டதும், புருசன் அடித்தவர் என்றேன். கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். பொலிசுக்கு எழுதினார்கள், நானும் முறைப்பாடு கொடுத்தேன். நறுவிலிக்குளத்தில் இருக்கும் என் அக்கா பஸ் பிடித்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனா.

நான்காம் நாள் அவர் போன் எடுத்தார். சிவப்பு விளக்கு எரிகிறது, கருவி சத்தம் போடுகிறது, என்ன செய்வது என்று கேட்டார். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் முடிந்துவிட்டது, வடித்த தண்ணீர் விடுங்கோ, கிணற்றுத் தண்ணீர் விடவேண்டாம் என்று சொன்னேன். அக்கா போனைப் பறித்து நிறுத்தினா. அவவுக்கு என்மேல் வந்த கோபம் அன்று முழுக்கத் தீரவில்லை. மீன்கள் பாவம்தானே என்றேன். நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்டா.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு அவர் அக்கா வீட்டுக்கு வந்தார். அக்காவின் கணவர் வயலில் இருந்தார். அக்கா கதிரை போட்டா, அவர் மெதுவாகக் கதைத்தார், தான் பிழை செய்துவிட்டதாகச் சொன்னார். அக்கா தேநீர் போடக் குசினிக்குள் போனதும் எழும்பி வந்து, மாவுக்கட்டுப் போட்ட என் கையைப் பிடித்து அழுத்தினார். சிரித்துக்கொண்டே அழுத்தினார்.

"முறைப்பாட்டைத் திருப்பி எடு. இல்லாட்டி மற்றக் கையும் போகும்."

வலியில் கண் இருண்டது. கையை அவருடைய பிடிக்குள் இருந்து இழுத்தேன், இழுத்த வேகத்தில் அப்படியே அவருடைய வாயில் அடித்தேன். கட்டு கல்லு மாதிரி இறுகியிருந்தது. இரண்டாம் முறையும் அடித்தேன். இரண்டாவது அடி தற்செயலானது என்று எந்த இடத்திலும் நான் சொன்னதில்லை. முன்பல் ஒன்று உடைந்து உதட்டைக் கிழித்தது. வெள்ளைச் சேர்ட்டில் இரத்தம் வழிந்தது. அவர் அடிக்கிற மனிதர், அடி வாங்கிய மனிதர் அல்ல. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, குழந்தை மாதிரிக் கண்ணை விரித்து என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் எனக்குள் பெரிய சந்தோசம் ஒன்று எழுந்தது. இன்னும் அடிக்கவேண்டும் போல் இருந்தது. அவருக்கும் ஒவ்வொரு பின்னேரமும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தபோதுதான் கை தானாகக் கீழே இறங்கியது. அக்கா உலக்கையோடு வாசலில் நின்றா. அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துப் புறப்பட்டார்.

எலும்பு மறுபடி விலகியிருந்தது. திரும்ப வைத்துக் கட்டினார்கள். அவரும் என்மேல் முறைப்பாடு கொடுத்தார். பொலிசில் இருந்த பெண் உத்தியோகத்தர் இரண்டையும் எழுதினா. அடித்தனீங்களா என்று கேட்டதற்கு, ஓம், இரண்டு தரம் என்றேன்.

வழக்கு நடந்தது. இரண்டாம் தவணையன்று, சேர்ந்து வாழ விருப்பமா என்று நீதவான் கேட்டார். இல்லை என்றேன். எதிர்ப்பக்கத்தில் அவர் புதுப் பல்லோடு நின்றார். என்னிடம் வரக்கூடாது என்று அவருக்குக் கட்டளை கிடைத்தது. பிறகு அவர் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகவும், போகும்போது தொட்டியை மீன்களோடு யாருக்கோ கொடுத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். நான் இப்போது முருங்கனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. போத்தல் மூடிகளை இடது கையால் திறக்கப் பழகிவிட்டேன்.

கட்டளை கிடைத்த அன்று நானும் அக்காவும் நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்த கடையில் ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டோம். அக்காவுக்கு உறைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பஸ் தீவை விட்டுப் பாலத்தில் ஏறியதும் சோளகம் யன்னலால் அடித்தது. அவ என் தோளில் சாய்ந்து நறுவிலிக்குளம் வரும்வரை நித்திரை கொண்டா.