கீறிய கோடும் என் கழுத்துக் கட்டியும்

என் கழுத்தில் கட்டி வந்தபோது, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் ஜெயங்கொண்டத்தில் முந்திரி உடைப்பவள். எனக்கு என்ன தெரியும்? பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக இருக்கும் அண்ணனிடம் கேட்டேன்.

"வேணாம்மா. அங்க புற்றுநோய் செல்லைத் தட்டுல வளத்து, நடுவுல ஒரு கோடு கீறுவாங்க. மறுநாள் பாத்தா அத்தனையும் நவுந்து வந்து கோட்டையே மூடியிருக்கும். கண்ணால பாத்தவன் சொல்றேன், குத்துனா பரவிடும்."

நான் போகவில்லை. பச்சிலை அரைத்துக் கட்டினேன். சோறு விழுங்க முடியாமல் போன பிறகுதான் அந்த ஊசிக்குச் சம்மதித்தேன். நுரையீரல்வரை போய்விட்டது என்றார்கள்.

அண்ணன் சொன்னதை டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கீறுனதால அது நகரலம்மா, ஊசி குத்துறதாலயும் பரவாது. நகர்ற குணம் அதுக்கே இருக்கு. எவ்வளவு வேகமா நகருதுன்னு அளக்கத்தான் கோடு கீறி எடம் விடுறாங்க. வேகமா நகர்றது ஒடம்புல பரவவும் வாய்ப்பு அதிகம். அதனாலதான் உங்களை அப்பவே வரச் சொன்னேன்."

வெளியே வந்தேன். கழுத்தில் கட்டியோடு பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண்ணிடம், எனக்குத் துணையாக வந்திருந்த அண்ணன் கண்ணைத் துடைத்தபடி பேசிக்கொண்டிருந்தார். "ஊசி மட்டும் வேணாம் தாயி. என் தங்கச்சிக்கு அதுலதான் பரவிடுச்சு."

அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள் நான்.

"அவரு சொல்றதைக் கேக்காதீங்க. நான் கேட்டேன்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் நிற்கிறது. என்மேல் அவருக்கு இருந்த பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அதை நினைக்கும்போதுதான் அதிகம் கசக்கிறது.