அத்தை மகனின் கொலைகார முகம்

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவான பிறகுதான் பக்கத்து ஊரான அரிமளத்துக்கு அந்தப் படம் வந்து தொலைந்தது. மண்ணெண்ணெய்க்குத் திண்டாடிய யுத்த காலம் அது. மாப்பிள்ளை என் அத்தை மகன். வெளியூர் ஸ்டூடியோ ஒன்றில் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. அப்போது இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. இப்போது சொல்கிறேன், யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

படத்தில் அவருக்கு ஒரே காட்சி. ராஜாவின் பாலில் விஷம் கலக்கும் வேலைக்காரன். அதைப் பார்க்க வீடே வண்டி கட்டிக்கொண்டு டூரிங் டாக்கீஸுக்குப் போனோம்.

அதற்குள் நாங்கள் சில படங்கள் பார்த்துத் தேறியிருந்தோம். திரை பளிச்சென்று இருந்தால் சிரிப்போ பாட்டோ வரப்போகிறது, காலை நீட்டி உட்காரலாம். கதாநாயகியின் கூந்தல் ஓரம் மட்டும் மினுமினுத்தால் காதல். திரை பாதி இருண்டு, சுவரில் ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்தால் ஏதோ விபரீதம். பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். யாரோ உட்கார்ந்து யோசித்து விளக்கை வைத்துத்தான் இதையெல்லாம் செய்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. படம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

அவர் வந்தார். ஆத்தாடி! கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம், மூக்கின் நிழல் நெற்றி வரை ஏறிக் கிடக்கிறது. பால் செம்பைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், தரை டிக்கெட் கூட்டம் மணலை வாரி இறைத்துத் திட்டியது. நானே ஆத்தாவின் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பா கூத்து, நாடகம் தெரியாதவர் அல்ல. ஆனால் நாடகத்தில் மேலே தொங்கும் காஸ்லைட், ராஜாவுக்கும் திருடனுக்கும் ஒரே வெளிச்சத்தைத்தான் கொடுக்கும். மீசையையும் அரிதாரத்தையும் எடுத்துவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் தெரிவான். இங்கே அத்தை மகனுக்கு ஒட்டுமீசைகூட இல்லை. அதுதான் வம்பாகிவிட்டது.

“நடிப்புன்னா எனக்குத் தெரியாதா?” என்று திரும்பி வரும்போது வண்டியில் அப்பா கத்தினார். “வேஷமே போடலையே! தூக்கி வளத்த புள்ள, அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? இது உள்ள இருந்த மூஞ்சி, வெளிய வந்துருச்சு. நாளைக்கு எம்பொண்ணு குடிக்கிற பாலுக்கு யாரு காவல் இருக்கிறது?”

ஆத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “இந்தச் சம்பந்தமே வேணாம்” என்று பிடித்த பிடியை விடவில்லை அந்த மனுஷர். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கிடந்தேன்.

சேதி தெரிந்தும் அத்தை வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிட்டாள். பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. கூடவே மகன். அப்பா “வாங்க” என்றார், தாம்பாளத்தைத் தொடவில்லை. கையில் வாங்கிவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். அது தரையிலேயே இருந்தது.

தன் முகம்தான் குற்றம் என்று கேட்டதும் அத்தை மகன் சிரித்துவிட்டார். சிரிக்கிற நேரமா இது என்று கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மாமா, அது எம்மூஞ்சி இல்ல, வெளக்கு இருந்த எடம். வெளக்கத் தரையில வச்சு மேல பாத்து அடிச்சாங்க. நீங்க செத்த இங்கிட்டு உக்காருங்க.”

தாம்பாளத்தில் இருந்ததை ஒரு துண்டில் எடுத்து வைத்தார். முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது, கூடம் இருட்டு. அப்பா முறைத்துக்கொண்டே கூடத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். அத்தை மகன் வெறும் தாம்பாளத்தை முற்றத்து வெயிலில் தாழப் பிடித்து, அதில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தை அப்பாவின் மோவாய்க்கு நேராகத் திருப்பினார்.

“அய்யய்யோ!” என்று ஆத்தா அலறினாள். “இந்த மூஞ்சிக்கா நான் கழுத்த நீட்டுனேன்!”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா நம்பவில்லை. “கண்ணாடியக் கொண்டாங்க!” என்றார். பெண் வெளியே வரக்கூடாது என்பதெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது? சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடினேன்.

கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பாதகன் அப்பாவை முறைத்தான். இவர் புருவத்தைத் தூக்கினார், அவனும் தூக்கினான். பிறகு அத்தை மகன் எழுந்து தாம்பாளத்தைத் தலைக்கு மேலே உயர்த்திச் சாய்த்தார். பள்ளமெல்லாம் மறைந்து எங்கள் அப்பா திரும்பி வந்தார். பொடி ஒட்டிய மூக்கும் அசட்டுச் சிரிப்புமாக.

“நானே வெஷம் வச்சிருவேன் போலல்ல இருக்கு” என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் கண்ணாடியைப் பிடித்திருப்பது நான் என்பதைக் கவனித்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அத்தை மகனைப் பார்த்தார்.

“வெளையாண்டது போதும் மாப்புள. அந்தப் பழத்த எல்லாம் திரும்ப எடுத்து வச்சு ஒங்க ஆத்தா கையில குடுங்க. நான் வாங்கிக்கிறேன்.”

தாம்பாளம் கை மாறியது. அப்பாடா! அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.