மச்சானுக்கு விழாத அடி

ஒயிலாட்ட வாத்தியார் பால்சாமிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம், உப்பூருக்கு மேற்கே அவருடைய சொந்த ஊரிலேயே அரங்கேற்றம். வெள்ளிக்கிழமை அம்மன் கோவில் முன்னால் வரிசை குலைந்தால், அடுத்த வருஷம் எந்த ஊர்க்காரனும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட மாட்டான். வருஷம் முழுக்க அடுத்தவன் வயலில் கூலிக்குப் போகிறவருக்கு ஊருலகத்தில் இருந்த ஒரே மரியாதை அதுதான்.

தப்பு எங்கே என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முன்வரிசையில் நின்ற ராக்கப்பன், துணியை வீசித் திரும்பும் இடத்தில் வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்துப் பின்னால் நிற்பவர்களும் தடுமாறினார்கள்.

வேறு யாராவது என்றால் கணுக்காலில் பிரம்பு விழுந்திருக்கும். தப்புக்கு ஓர் அடி, அதுதான் பால்சாமியின் பாடம். பேரன் எடுத்தவர்கள்கூட வாங்கினார்கள். ராக்கப்பனோ அக்காள் முருகம்மாளின் புருஷன். பாடம் தொடங்கிய அன்று எல்லோரும் தட்சணைத் தட்டு வைத்துக் காலில் விழுந்தபோது, குனியப்போன மச்சானை மட்டும் பால்சாமி பதறிப்போய்த் தடுத்துவிட்டார். பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

பொதுவாகச் சொல்லிப் பார்த்தார், மச்சானுக்கு உறைக்கவில்லை. அவரிடம் எடுத்துச் சொல்லும்படி அக்காளைக் கேட்டார். வாத்தியார் நீயா நானா என்று அவள் கேட்டுவிட்டாள். உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்கு அஞ்சினால் ஆகுமா? உட்கார முடியாமல் கண்மாய்க் கரையில் மேலும் கீழுமாக நடந்தார்.

வியாழன் சாயங்காலம் ஒத்திகையில், துணி வீசித் திரும்பும் அதே இடத்தில் ராக்கப்பன் இடப்பக்கம் திரும்பிப் பக்கத்தில் நின்ற கூத்தையாமேல் மோதினார். ஆத்திரத்தில் பால்சாமியின் பிரம்பு எழுந்தது. விழுந்தது கூத்தையாவின் காலில். சரியாகத் திரும்பியவர் அவர்தான். மேளம் நின்றுபோயிற்று.

ராக்கப்பன் வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"அவன் சரியாத்தான் திரும்புனான், மாப்ள. தப்பு என்னோடது. முப்பது நாளா ஊரையே அடிச்ச, என்னைய ஒருக்காகூடத் தொடல. நான் ஒனக்குச் சிஷ்யன் இல்லையா?"

பால்சாமிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. முதலில் கூத்தையாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, மச்சான் வேட்டியைத் தூக்கிக் காட்டிய கணுக்காலில் மற்றவர்களுக்கு விழுவது போலவே ஓங்கி ஒன்று வைத்தார். அடித்தவருக்கே கண் கலங்கிவிட்டது.

"வலப்பக்கம், மச்சான்."

மேளம் எழுந்தது. ராக்கப்பன் நொண்டிக்கொண்டே வலப்பக்கம் திரும்பினார்.