அக்கரை அத்தை வீடு

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் அத்தையின் நினைவுதான் வந்தது. அப்பாவின் ஒரே தங்கை. போர்க் காலத்தில் அகதியாக எங்கள் கரையில் வந்திறங்கிய ஒரு பருத்தித்துறை மீனவரைக் கட்டிக்கொண்டவர். போர் ஓய்ந்து சில வருடங்கள் கழித்து மாமா தன் ஊருக்கே திரும்பினார். அத்தையும் மகனைக் கூட்டிக்கொண்டு கூடவே போய்விட்டார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு எங்களுக்கு அத்தை என்றால் செல்போனில் வரும் குரல், அவ்வளவுதான்.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. சேர்த்து வைத்திருந்த விடுப்பை எல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு, முதுகில் ஒரு பையுடன் கிளம்பினேன். முதலில் அத்தை வீடு, பிறகு திருகோணமலை, மலைநாடு, தெற்கே எங்காவது ஒரு கடற்கரை. நான் வெளிநாடு போவது அதுவே முதல் தடவை. தனியாகவா என்று கேட்ட அம்மா, அத்தை வீட்டுக்குத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டார்.

நான் கடற்கரைக்காரி. அப்பா உயிரோடு இருந்தவரை கடலுக்குப் போனார். அண்ணன் இன்றும் விசைப்படகில் கூலிக்குப் போகிறான். அப்படிப்பட்ட நான் கப்பலேறிய கொஞ்ச நேரத்திலேயே குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கருகே பிடித்தாள். கேரளத்துக் கண்ணூர்க்காரி, தமிழ் ஓரளவு பேசுவாள். நேபாளம், வியட்நாம் என்று தனியாகவே சுற்றியவள். நடுக்கடலில் எனக்குத் தலைமுடியைக் கோதிவிட்டாள். கரையிறங்கும்போது நாங்கள் சிநேகிதிகளாகியிருந்தோம். அவளும் திருகோணமலைக்குத்தான் போவதாக இருந்தாள். அத்தை வீட்டில் நான்கைந்து நாள் இருந்துவிட்டுச் சேர்ந்தே போவோம் என்றேன். மருதனார்மடம் வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து பருத்தித்துறைக்கு இன்னொரு பஸ். வழி நெடுக அவள் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள்.

அத்தை பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். "வாங்கோ, வாங்கோ" என்று கண்ணூர்க்காரியை வரவேற்றவர், என் முகத்தைப் பார்த்ததும், "ஏன் கண்ணு இப்புடி எளைச்சுப் போயிட்ட?" என்று எங்கள் ஊர்ப் பேச்சுக்குத் தாவினார். அங்கே இருந்த நாட்கள் முழுக்க அப்படித்தான். மாமாவிடமும் அயலவர்களிடமும் ஒரு தமிழ், என்னிடம் இன்னொன்று.

மாமா அதிகம் பேசாதவர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மட்டும், "கொண்ணன் இப்பவும் றோலரிலைதானோ?" என்று கேட்டார். உன் அண்ணன் இன்னும் விசைப்படகில்தான் போகிறானா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். அத்தை மகன் எழுந்து கைகழுவப் போனான். என்னைவிட ஒரு வயது இளையவன். சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் என்னோடு கிளித்தட்டு விளையாடியவன்.

விஷயம் எனக்குத் தெரியாதது இல்லை. எங்கள் பக்கத்துப் படகுகள் எல்லையைத் தாண்டி வந்து, கடலடியை வழித்தெடுக்கும் அடிமடி வலையைப் போட்டு இழுத்துப் போவதும், இவர்கள் விரித்திருக்கும் வலைகள் அதில் சிக்கி அறுந்து போவதும் செய்தியில் வருவதுதான். செய்தியில் பார்க்கும்போது அது யாரோ இரண்டு கூட்டத்தாரின் தகராறாக இருந்தது.

மறுநாள் காலை நானும் சிநேகிதியும் கடற்கரையில் நின்று படகுகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமாவின் படகும் வந்தது. மகன் முதலில் குதித்து இறங்கினான். அவன் கையில் கொஞ்சம் கயிறும், அதில் கோத்திருந்த மிதவைகளும் இருந்தன. கீழே தொங்கவேண்டிய வலை இல்லை. அதை மணலில் போட்டுவிட்டு எங்களைக் கடந்து வீட்டுக்கு நடந்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து கூடினார்கள். ஒருவர் மாமாவிடம் எங்கே விரித்தது, எத்தனை றோலர் வந்தது என்று விசாரித்துவிட்டு, "இந்தியன்கள் எங்களை வாழ விடமாட்டாங்கள்" என்றார். அப்போதுதான் எங்கள் வெளியூர் உடைகளைப் பார்த்தார். யார் என்று மாமாவிடம் கேட்டார்.

"என்ரை மனுசியின்ரை அண்ணற்றை பிள்ளை. நாகப்பட்டினம்."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "குறை நினையாதையுங்கோ தங்கச்சி" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று அத்தை என் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் கரையில்தான் இருந்தான். அத்தை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் ஆரம்பித்தார். பாதியில் அது மாறிப்போனது. "நேற்று நீ எங்கையடா நிண்டனி?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் அண்ணன் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கெப்புடித்தே தெரியும்? போட்டு ஓட்டுறவரு போற எடத்துக்குப் போறோம். இருட்டுல எல்லாம் தண்ணிதான். நான் போவலன்னா எறங்குறதுக்கு இன்னொருத்தன் நிக்கிறான்."

அத்தை போனை என்னிடம் நீட்டினார். சாப்பிட்டியா என்று கேட்டேன்.

சிநேகிதி தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னாள். அறுந்த வலையை வீடியோ எடுத்துப் போடலாம், தன்னைப் பின்தொடர்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றாள். அத்தை மகன் அவளைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தான். தன் போனைத் திறந்து அவளிடம் கொடுத்தான். அதில் கடந்த வருடங்களில் அவன் எடுத்துப் போட்ட வீடியோக்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே காட்சி: மணல், கயிறு, மிதவைகள். அவள் இரண்டைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

நாங்கள் கிளம்பவேண்டிய காலையில், பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா அழைத்தார். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. அண்ணன் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்து, அன்றே நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறார்களாம். "நீ அங்கதானடி இருக்க, போயி அவனப் பாரு" என்றார் அம்மா. ஏதோ அண்ணனைப் பிடிப்பார்கள் என்று தெரிந்துதான் என்னை முன்னாலேயே அனுப்பிவைத்ததுபோல.

அத்தை அடுப்படிக்குப் போய் உலையை வைத்தார். சோறு, மீன் குழம்பு, பொரியல். வாழையிலையைத் தணலில் வாட்டிப் பொதி கட்டினார். அவர் மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கடை வலையை அறுத்தவனுக்குச் சோறு கொண்டு போறியளோ, அம்மா?"

"அவன்தான் அறுத்தவன் எண்டு கண்டனியோ?"

"இல்லை. அவன் அறுக்கேல்லை எண்டு நீங்கள் கண்டனீங்களோ?"

அத்தை பொதியின் நூலை முடிந்துகொண்டே இருந்தார். முடிச்சு விழுந்த பிறகும் விரல் அதிலேயே இருந்தது. மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பொதியை வாங்கிக்கொண்டார். "நான் கூட்டிக்கொண்டு போறன். நீ வீட்டிலை இரு" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை கேட்கவில்லை. நாங்கள் நான்கு பேரும் ஓர் ஆட்டோவில் போனோம். கண்ணூர்க்காரி தன் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தாள்.

நீதிமன்ற வாசலில் ஊர் மீனவர்கள் சிலரும் வந்து நின்றார்கள். மாமாவைக் கண்டதும் அவர்கள் பேச்சு நின்றது. அவரும் தலையை ஆட்டிவிட்டு, பொதியை மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒருவர் மட்டும் தள்ளி நின்றுகொண்டார்.

காவலில் நின்ற போலீஸ்காரர் நான் யார் என்று கேட்டார். தங்கை என்றேன். நானும் படகில் வந்தேனா என்றார். இல்லை, கப்பலில், சுற்றுலா விசாவில் என்று கடவுச்சீட்டைக் காட்டினேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சுத்திப் பாக்க வந்ததா?" என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். ஆமாம் என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வண்டியிலிருந்து அவர்களை இறக்கினார்கள். வெறுங்கால்கள், உப்புப் பூத்த கைலிகள். அண்ணன் கடைசிக்கு முந்தி இறங்கினான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கவில்லை. நான் எப்படி அதற்குள் தெரிந்து வந்து நிற்கிறேன் என்று யோசிக்கிறவனாகக் கண்ணைச் சுருக்கினான். பிறகு மாமாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனான். அத்தை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. கேட்டிருக்கும்.

விளக்கமறியல் என்றார்கள். தீர்ப்பு வரும்வரை சிறை. தூதரகத்திலிருந்து வந்தவர் என்னிடம் அக்கறையாகவே பேசினார். எப்போது விடுவார்கள் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. சாப்பாடு கொடுக்க அனுமதி இல்லை என்றார்கள். மாமா திரும்பத் திரும்பக் கேட்டதில், கடைசியாக அந்தப் போலீஸ்காரரே பொதியை வாங்கி உள்ளே கொண்டு போனார். வண்டி புறப்பட்டபோது கம்பி வலைக்குப் பின்னால் எந்தத் தலை அவனுடையது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சிநேகிதியை மறுநாள் பஸ் ஏற்றிவிட்டேன். தானும் இருப்பதாகச் சொன்னாள். இருந்து என்ன செய்வாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வி எனக்கும்தான். அவள் இறங்கிய ஊர்களிலிருந்தெல்லாம் படங்கள் அனுப்பினாள். நான் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டேன். அவள் பார்த்த ஊர் எதையும் நான் இன்றுவரை பார்க்கவில்லை. மிச்ச விடுப்பு முழுக்க அத்தை வீட்டில்தான் கழிந்தது. காலையில் அண்ணனைப் பற்றி யாரையாவது விசாரிப்போம். மத்தியானத்துக்குமேல் மாமா பழைய வலைகளை ஒட்டுப்போட உட்காருவார். நான் எதிரே உட்கார்ந்து நூலைச் சுற்றிக் கொடுப்பேன். அத்தை மகன் நான் இருக்கும் இடத்தில் அதிகம் நிற்கமாட்டான். சண்டையும் போடவில்லை. ஒரு நாள் மட்டும், "உங்கடை அண்ணருக்கு அடிச்சவங்களாமோ?" என்று கேட்டான். இல்லையாம் என்றேன். "சரி" என்று போய்விட்டான்.

விடுப்பு முடிந்தது. அண்ணன் உள்ளே இருக்கும்போதே நான் கப்பலேற வேண்டியிருந்தது. மாமாதான் காங்கேசன்துறை வரை வந்தார். அண்ணனிடம் ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் பையை என்னிடம் நீட்டினார்.

"ஒண்டும் சொல்லாதை பிள்ளை. மாமா சுகம் கேட்டவர் எண்டு மட்டும் சொல்லு."

அண்ணனைச் சில வாரங்கள் கழித்து விட்டார்கள். இனி பிடிபட்டால் நீண்ட சிறை என்ற எச்சரிக்கையோடு விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். பறிமுதலான படகு அங்கேயே நிற்கிறது. மாமா சுகம் கேட்டதைச் சொன்னேன். அண்ணன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நெடுநேரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். கட்டட வேலைக்குப் போய்ப் பார்த்தான். மீன் கம்பெனியில் ஐஸ் உடைத்தான். எதிலும் நிலைக்கவில்லை. இப்போது வேறொருவர் படகில் போகிறான். அவன் கடலுக்குப் போன இரவுகளில் அம்மா அத்தைக்குப் போன் செய்கிறார். மாமாவும் கடலுக்குப் போயிருக்கிறாரா என்று அம்மா கேட்பார். போயிருக்கிறார் என்பார் அத்தை. பிறகு இருவரும் ஊர்க் கதை, சமையல், முழங்கால் வலி என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.