கயலை எங்கே சேர்ப்பது

எங்கள் குடியிருப்பின் சன்னலுக்குக் கீழே தினமும் காலை ஏழரை மணிக்கு மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளைகள் வரிசையாக நடந்து போவார்கள். முன்னால் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கடைசியில் அவளைவிடக் கொஞ்சம் சின்னவன் ஒருவன், நடுவில் ஏழெட்டுப் பொடிசுகள். கூடப் பெரியவர்கள் யாரும் கிடையாது. வேன் இல்லை, ஆட்டோ இல்லை, இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடும் அம்மாவும் இல்லை. மழை கொட்டினாலும் அதே வரிசைதான், தொப்பிக்குப் பதில் குடை. ஜப்பானுக்கு வந்து ஐந்து வருடமாகியும் எனக்கு இந்தக் காட்சி பழகவில்லை. பெற்றவர்கள் எப்படித்தான் வீட்டுக்குள் நிம்மதியாக இருக்கிறார்களோ என்று தினமும் நினைத்துக்கொள்வேன். போன அக்டோபரில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஏப்ரலில் அந்த வரிசையில் என் மகள் கயல்விழியும் நடக்கப்போகிறாள் என்று அதில் இருந்தது.

என் கணவர் போனைக் கடிதத்தின் மேல் பிடித்து மொழிபெயர்த்துப் படித்தார். பள்ளியின் பெயர், சேரும் நாள், மருத்துவப் பரிசோதனைக்கு வரவேண்டிய தேதி. அவ்வளவுதான்.

"வேற ஸ்கூலு எதுவும் போடலயாங்க?" என்று கேட்டேன்.

"நம்ம தெருவுக்கு இதுதான். இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

நான் விருத்தாசலத்தில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது கல்யாணத்துக்கு இடம் பார்ப்பதைவிடப் பெரிய வேலை. கருவேப்பிலங்குறிச்சியில் சொந்த வீட்டில் இருந்த என் அப்பா, நான் படிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஜங்ஷனுக்குப் பின்னால் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்குக் குடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், அப்பாவுக்கு முடிவெட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. நெய்வேலிக்குப் பேருந்தில் அனுப்பு என்பார் ஒருவர், கான்வென்ட்டில் போடு என்பார் இன்னொருவர். இத்தனை பேர் கூடி முடிவெடுத்ததில் என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். ஆனாலும் கேட்பதற்கு ஊரே இருந்தது. இங்கே ஒரு காகிதம் முடிவு செய்து அனுப்பிவிட்டது.

என் கணவரும் எங்கள் ஊர்க்காரர்தான். விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமோ படித்தவர். இப்போது நகோயாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில், மின்கம்பங்களுக்கான பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் வேலை பார்க்கிறார். அவர் அங்கே சூளையின் சூட்டைப் பார்த்துக்கொள்கிறார், நான் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்த மொழி வரவில்லை. வகுப்புக்குப் போனேன், எழுத்துகளைப் படித்தேன், கடையில் தக்காளி வாங்குவேன். அதற்கு மேல் ஏறவில்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனபோது, அவர் என்னைப் பார்த்து என்னவோ கேட்டார். நான் விழித்தேன். பாலர் பள்ளிக்குப் போகும் கயல் என் மடியில் உட்கார்ந்தபடி அவருக்கு நீளமாகப் பதில் சொன்னாள். வெளியே வந்து, "என்னடி கேட்டாரு?" என்றேன். "நான் சொல்லிட்டேன்மா" என்றாள். என் உடம்பைப் பற்றி என் மகள் அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தேன்.

சனவரி கடைசியில் புதிய பெற்றோர்களைப் பள்ளிக்கு அழைத்தார்கள். நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அதில் கயல் ஒன்றிலிருந்து நூறு வரையும், ஏ முதல் இசட் வரையும், அ முதல் ஃ வரையும் எழுதியிருந்தாள். வகுப்பாசிரியை நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு தொழிற்சாலை அனுப்பியிருந்த மொழிபெயர்ப்புப் பெண் மூலமாகக் கேட்டார்: இருபது நிமிடத்தில் தானே சாப்பிட்டு முடிப்பாளா, கழிப்பறைக்குத் தனியாகப் போவாளா, ஈரத்துணியைப் பிழியத் தெரியுமா. நூறு வரை எழுதும் பிள்ளையிடம் துணி பிழியத் தெரியுமா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? தெரியும் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறையில் ஒரு வாளியை வைத்துப் பிழியக் கற்றுக்கொடுத்தேன். கயலுக்கு அது விளையாட்டாக இருந்தது.

கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் 'ஸோகின், இரண்டு' என்று ஒன்று இருந்தது. வீட்டில் தைத்த துணி என்று போன் சொன்னது. கைக்குட்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் பிள்ளை, முதல் பள்ளி. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த சுங்குடிச் சேலையிலிருந்து இரண்டு சதுரம் வெட்டி, ஓரம் மடித்து, மூலையில் ஒரு மீனும் அவள் பெயரும் பூத்தையலில் போட்டு, மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியை இரண்டு கையாலும் வாங்கி, அழகு, அழகு என்று நாலைந்து முறை சொன்னார். பிறகு சங்கடத்தோடு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தரையில் முட்டி போட்டு, கையை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினார். தரை துடைக்கிற துணி! அங்கே பிள்ளைகள்தான் தினமும் வகுப்பைத் துடைப்பார்களாம். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து பழைய துண்டைக் கிழித்து இரண்டு தைத்து, கயலைத் தரை துடைத்துப் பழகவும் வைத்தேன். ஊருக்குப் போனில் இதைச் சொல்லவில்லை.

சொல்லாமலே மாமாவுக்கு ஆயிரம் கவலை இருந்தது. மாமா என்பது என் கணவரின் அப்பா. அத்தை போய்ச் சேர்ந்த பிறகு விருத்தாசலம் வீட்டில் தனியாக இருக்கிறார். பேத்தி போனில் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை ஜப்பான் மொழிக்குத் தாவுவதைக் கேட்டுக் கேட்டு, "இப்புடியே வுட்டா நம்ம புள்ளகிட்ட நாமளே பேச முடியாது. வந்து இங்க ரெண்டு ஸ்கூலப் பாருங்க" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்ததால் மறுத்துப் பேசவில்லை. பிப்ரவரி கடைசியில் நானும் கயலும் மட்டும் கிளம்பினோம். பார்த்துவிட்டு மார்ச் முடிவதற்குள் திரும்பிவிடுவது என்பதுதான் பேச்சு.

ஊரில் இறங்கியதும் எனக்கு நாக்கு வந்தது. எல்லாப் பலகைகளையும் படித்தேன். ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டேன். பெண்ணாடம் போகும் சாலையில் இருந்த ஒரு பள்ளியின் பெயரை மாமா முடிவே செய்து வைத்திருந்தார். புதுக் கட்டடம், மஞ்சள் பேருந்துகள். தலைமை ஆசிரியை அன்பாகத்தான் பேசினார். கயலைப் பார்த்து ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். கயல் இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"ஃபாரின்ல இருந்துதான வராங்க? இங்கிலீஷ் வரலயா?"

"அங்க ஜப்பான் பாஷதான் மேடம்" என்றேன்.

"ஃபாரின்ல இத்தன வருசம் இருந்தும் இங்கிலீஷ் இல்லயா" என்று அவர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார்.

அப்போது கயலின் முழங்கை பட்டு மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. தலைமை ஆசிரியை மணியடித்ததும் பள்ளி ஆயா ஒரு வாளியும் துணியுமாக வந்தார். கயல் நேரே அவரிடம் போய்த் துணியை வாங்கி, முட்டி போட்டு, சுவரோரம் தொடங்கி ஒரே கோடாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாளியில் பிழிந்தாள். மறுபடி துடைத்தாள். நன்றாகத்தான் துடைத்தாள், நான் கற்றுக்கொடுத்ததுதானே.

"குடும்மா பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று ஆயா பதறினார். "இதெல்லாம் நம்ம புள்ளைங்க செய்யக்கூடாதும்மா" என்று தலைமை ஆசிரியை எழுந்துவிட்டார். மாமாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவர்கள் யாரும் தொடுவதற்கு முன்னால் நான்தான் பாய்ந்து அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்கினேன். தொடையில் ஒரு கிள்ளும் கிள்ளினேன். கயல் அழவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்று ஜப்பான் மொழியில் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. துணியை ஆயாவின் வாளியில் போட்டுவிட்டு அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"தரை தொடைக்க வெச்சுதான் படிப்பு சொல்லித் தராங்களா அங்க?"

"எல்லாப் புள்ளைங்களும் செய்யுதுங்க மாமா. அங்க அது கேவலம் இல்ல."

"உனக்குத் தெரியாதும்மா. பத்து வயசுல என்னை செராமிக் கம்பெனில மண்ணுத் தூசி கூட்டத்தான் சேத்தாங்க. பதினஞ்சு வருசம் கூட்டியிருக்குறேன். என் புள்ள தொடப்பத்தத் தொடக்கூடாதுன்னுதான் அவன அந்தப் படிப்பு படிக்க வெச்சேன். அவன் பொண்ணு எங்கண்ணு முன்னாடி முட்டி போட்டுத் தொடைக்குது. இங்கயே சேத்துடலாம்."

அவரைக் கொடுமைக்காரர் என்று எழுதிவிட்டால் எனக்கு எளிது. ஆனால் பேசி முடித்ததும் அவர் கயலை மடியில் உட்காரவைத்து, அவள் முழங்காலில் ஒட்டியிருந்த அழுக்கைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

அன்று மாலை வீடியோவில் கணவர் வந்தார். மாமா எல்லாவற்றையும் சொன்னார். கணவர், "அப்பா சொல்றதும் சரிதான். ரெண்டு வருஷம் அங்க இருங்க. தமிழும் இங்கிலீஷும் வந்துடட்டும். நான் இங்க நகராட்சி ஆபீஸ்ல பாப்பா சேரலன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

"நான் எங்க இருக்கணும்னு யாராவது கேட்டீங்களா?" என்றேன்.

மாமாதான் பதில் சொன்னார். "புள்ள எங்க இருக்குதோ அங்கதாம்மா தாயி இருக்கணும்."

"அப்ப தகப்பன்?"

"அவன் சம்பாதிக்கப் போயிருக்குறான்."

இதற்கு மேல் எந்தப் பக்கமும் வாசல் இல்லை. இரண்டு வருடம் என்று சொல்லித் தொடங்கியவர்களை நமக்கெல்லாம் தெரியும். தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். பிள்ளைக்கு மீசை முளைக்கும் வரை அது இரண்டு வருடமாகவே இருக்கும். சரி, இங்கே இருக்கமாட்டேன் என்று ஜப்பானுக்கே கிளம்பிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனால் நான் மறுபடியும் ஊமை. பள்ளியிலிருந்து வரும் காகிதங்களை என் மகள் எனக்குப் படித்துச் சொல்வாள், எதைச் சொல்வது எதை விடுவது என்று அவளே முடிவு செய்வாள். இருந்தால் எனக்கு வாய் இருக்கிறது, புருஷன் இல்லை. பள்ளி பார்க்க வந்தவளுக்கு இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் காட்டப்படவில்லை. மார்ச் மாதம் போட்டிருந்த பயணச்சீட்டை ரத்து செய்தேன். கோபத்தில் கணவரோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் நானேதான் கூப்பிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, பெண்ணாடம் சாலைப் பள்ளிக்குச் சீருடை தைக்கக் கயலைக் கடைவீதித் தையல்காரரிடம் கூட்டிப்போனேன். அவர் அவளை ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்தி, கைகளை விரிக்கச் சொல்லி, நாடாவை மார்பில் சுற்றிக்கொண்டிருந்தபோது கணவர் கூப்பிட்டார். வேலை நேரம். அந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டார்.

"ஸ்கூலுக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன்" என்றார். "இன்னிக்குத்தான் அங்க புதுப் புள்ளைங்கள சேக்கற விழா."

"நீங்க எதுக்குப் போனீங்க? எழுதிக் குடுத்துடறேன்னு சொன்னீங்களே."

"குடுக்கல."

ஒரு மாதமாக அந்தப் படிவம் அவருடைய பையிலேயே இருந்திருக்கிறது. தினமும் கொண்டுபோய்த் தினமும் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். பள்ளியிலிருந்து போன் வந்தபோதும், வருவாளா என்று அவர்கள் கேட்டதற்கு, ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறார். இன்றைக்கு நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு போனாராம். அரங்கத்தில் எல்லோரும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்க, இவர் கடைசியில் சுவரோரம் நின்றிருக்கிறார். ஆசிரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் எழுந்து நின்று 'ஹை' என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஆஜர் என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பாலர் பள்ளியிலிருந்தே பழக்குவார்கள்.

"கயல் பேரக் கூப்புட்டாங்க. யாரும் எழுந்திரிக்கல. மறுபடியும் கூப்புட்டாங்க. எனக்கு வாய் வரல. அப்புறம் அடுத்த பேருக்குப் போயிட்டாங்க" என்றார். அவர் அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் ஆத்திரமாகவும் வந்தது, அவரை அப்படியே போனுக்குள்ளிருந்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?" என்றாள் கயல் முக்காலி மேலிருந்து.

"அந்த ஸ்கூல்ல இன்னிக்கு உன் பேரக் கூப்புட்டாங்களாம்."

அவள் விறைப்பாக நிமிர்ந்தாள். விரித்த கைகளை இறக்கித் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஹை" என்றாள்.

"கையத் தூக்கு பாப்பா, அசையாம நில்லு" என்றார் தையல்காரர். "அளவு தப்பாயிடும்."